வெளிநாட்டில் இருந்துகொண்டு நம் வைத்தியத்தைத் தேடுவது: ஒரு முழங்கால் வலியில் தொடங்கிய இழை

கேள்வி, 2024 ஜனவரி 13

கிளிநொச்சியைச் சேர்ந்த நான் ஒன்பது ஆண்டுகளாக ஜேர்மனியில் வசிக்கிறேன். வயது 47. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம் என்று வைத்தியர் சொன்னார். வலிக்குக் குளிசை தந்து, உடல் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். ஊரில் என்றால் நாட்டு வைத்தியரான பரியாரியாரிடம் போய் எண்ணெய் வாங்கிப் பூசி, குடிநீர் காய்ச்சிக் குடித்திருப்போம். இங்கே இயற்கை வைத்தியம் செய்பவர்களை எப்படித் தேடுவது, யாரை நம்புவது? ஊரிலிருந்து பொதியில் மருந்து அனுப்பச் சொன்னால் போதாதா?

2024 ஜனவரி 14, இரவு

நான் முள்ளியவளையில் பிறந்தவன். 1996 இல் சுவிஸுக்குப் போய், பேர்ண் மாநிலத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் 25 ஆண்டுகள் நின்று வேலை செய்து, 2021 இல் திரும்பி வந்திருக்கிறேன். முழங்கால், இடுப்பு, நீரிழிவு ஆகிய மூன்றும் எனக்கும் உண்டு. ஆகவே இந்தக் கேள்விக்கு அனுபவத்திலிருந்து பதில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நாட்டில் ஏற்கனவே திறந்திருக்கும் ஒரு கதவைச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர் பலர் அதைத் தெரியாமலே பணத்தை வெளியே கொடுக்கிறார்கள். ஜேர்மனியின் பொது மருத்துவக் காப்புறுதி 2007 முதல் இரண்டு வருத்தங்களுக்கு அக்குபங்சர் (உடலில் மெல்லிய ஊசிகளைக் குத்தும் முறை) வைத்தியத்தின் செலவை ஏற்கிறது. ஒன்று நாட்பட்ட இடுப்பு வலி, மற்றது உங்களுக்கு இருக்கும் அதே முழங்கால் தேய்மான வலி. வலி குறைந்தது ஆறு மாதமாக இருந்திருக்க வேண்டும், ஊசி போடுபவர் அதற்கென்று மேலதிகத் தகைமை பெற்ற மருத்துவராகவும் இருக்க வேண்டும். வழமையாகப் பத்து முறை வரை கிடைக்கும். உங்கள் வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

அங்கே தெருப்பலகைகளில் நீங்கள் பார்க்கும் 'ஹைல்ப்ராக்டிகர்' என்பவர் இயற்கை வைத்தியம் செய்பவர், மருத்துவர் அல்லர். 1939 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ், 25 வயது நிரம்பியவர் சுகாதார அலுவலகத்தின் பரீட்சையில் தேறினால் அந்தத் தொழிலைச் செய்யலாம். இவரால் மக்களுக்கு ஆபத்து நேருமா என்று பார்ப்பதே அந்தப் பரீட்சையின் நோக்கம். அவர் செய்யும் வைத்தியம் பலன் தருமா என்பதை அது சோதிப்பதில்லை. அவர்களுள் மிகத் திறமையானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பொதுக் காப்புறுதி பெரும்பாலும் அவர்களுக்குப் பணம் கொடுப்பதில்லை, மருத்துவர் மட்டும் எழுதக்கூடிய மருந்துகளை அவர்கள் எழுதவும் முடியாது.

யாரை நம்புவது என்ற கேள்விக்கு என் பதில், பிழை நடந்தால் பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஓர் ஆளைத் தேடுங்கள் என்பதுதான். மருந்தை அதற்குப் பிறகு தேடலாம்.

2024 ஜனவரி 15

நேற்று எழுதியதை வாசித்துவிட்டு சுவிஸில் இருக்கும் இரண்டு பேர் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்காக இந்தக் குறிப்பு.

சுவிஸில் 2009 மே 17 அன்று நடந்த மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 67 வீதமானோர் மாற்று வைத்தியத்துக்கு அரசியலமைப்பில் இடம் கொடுக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். 2017 ஓகஸ்ட் 1 முதல் ஹோமியோபதி, மூலிகை வைத்தியம், சீன வைத்தியம், அந்த்ரோபொசோபி (ருடோல்ஃப் ஸ்டைனர் என்பவரின் தத்துவத்திலிருந்து வந்த) வைத்தியம் ஆகியவை அடிப்படைக் காப்புறுதிக்குள் நிலையாக வந்தன. அக்குபங்சர் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அவற்றைச் செய்பவர் அந்தத் துறையில் மேலதிகப் பயிற்சி பெற்ற மருத்துவராக இருந்தால்தான் காப்புறுதி பொறுப்பேற்கும். மருத்துவர் அல்லாத இயற்கை வைத்தியரிடம் போவதென்றால் மேலதிகக் காப்புறுதி வேண்டும். அவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார் என்பதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு அழைத்து முன்கூட்டியே கேட்க வேண்டும்.

நான் விட்ட பிழை, முழங்கால் நோகத் தொடங்கிய பிறகே மேலதிகக் காப்புறுதிக்கு விண்ணப்பித்தது. அது தனியார் ஒப்பந்தம் என்பதால் மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. மறுத்தார்கள். உடல் நன்றாக இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

இயற்கை வைத்தியருக்கென்று 2015 இல் அங்கே ஒரு கூட்டாட்சித் தகைமை உருவானபோது அதன் நான்கு பிரிவுகளுள் ஆயுர்வேதமும் ஒன்றாக இடம்பெற்றது. சித்த வைத்தியம் என்ற பெயரில் பிரிவு இல்லை. அந்தச் செய்தியை வாசித்த நாளில் எனக்கு மனவருத்தமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

2024 ஜனவரி 15, பின்னேரம்

ஒரு திருத்தம். காப்புறுதி பொறுப்பேற்கும் என்று எழுதியதை இலவசம் என்று விளங்கிக்கொள்ள வேண்டாம். சுவிஸில் ஆண்டுக்கு 300 பிராங்கிலிருந்து 2500 பிராங்க் வரை நீங்கள் தெரிவு செய்த தொகையை முதலில் உங்கள் பையிலிருந்து கட்டி முடிக்க வேண்டும், அதற்கு மேலும் பத்து வீதம் உங்களுடையது. மாதக் கட்டணம் குறையும் என்று 2500 ஐத் தெரிவு செய்துவிட்டு ஊசி வைத்தியத்துக்குப் போகிறவர், ஏறக்குறைய முழுச் செலவையும் தானே கட்டுகிறார்.

2024 ஜனவரி 20

ஊரிலிருந்து வரும் பொதியைப் பற்றி, பெயரில்லாத ஒரு மருந்தால் எனக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். இதை எழுதுவதற்கு ஒரு கிழமை யோசித்தேன்.

2014 இல் எனக்குச் சீனி சற்றுக் கூடுதலாக இருக்கிறது என்று குடும்ப வைத்தியர் சொன்னார். உணவைக் கட்டுப்படுத்தி மூன்று மாதம் பார்ப்போம் என்றார். எனக்கு அந்த மூன்று மாதம் பொறுக்கவில்லை. அந்த நேரத்தில் ஐரோப்பிய நகரம் ஒன்றுக்கு ஒரு வைத்தியர் வந்திருக்கிறார், கடை ஒன்றின் பின்னறையில் இருந்து நோயாளரைப் பார்க்கிறார் என்று அறிந்து, தொடருந்தில் நான்கு மணி நேரம் பயணம் செய்து போனேன். அவர் கைநாடியைப் பிடித்தது ஒரு நிமிடம் இருக்கும். என்ன குளிசை போடுகிறீர் என்று கேட்கவில்லை. நீல மூடி போட்ட ஒரு சிறிய போத்தலைத் தந்தார். உள்ளே செங்கட்டியைப் பொடித்தது போன்ற சிவந்த தூள். போத்தலில் பெயரும் இல்லை, திகதியும் இல்லை; 'காலை, மாலை, தேனில்' என்று பேனாவால் எழுதிய ஒரு துண்டு மட்டும் ஒட்டியிருந்தது. அரிசி மணியளவு எடுத்துத் தேனில் குழைத்து ஐந்து மாதம் சாப்பிட்டேன்.

மூன்றாம் மாதத்தில் வயிற்றுக்குத்து தொடங்கியது. மலச்சிக்கல், களைப்பு, வேலைக்கு நடுவில் இருக்க இடம் தேடும் அளவுக்குச் சோர்வு. வைத்தியர் இரத்தம் சோதித்தார், இரத்தச்சோகை என்றார், குடலைப் பார்க்க வேண்டும் என்றார். வேறு ஏதும் எடுக்கிறீர்களா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்றேன். நம் வைத்தியத்தை அவர் இளக்காரமாகப் பார்ப்பார் என்ற எண்ணம்தான் காரணம். மூன்றாம் முறை அவர் கேட்டபோது பக்கத்தில் இருந்த என் மகள், எனக்கு மொழிபெயர்க்க வந்த பதினொரு வயதுப் பிள்ளை, என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டாள்: "அப்பா ஒரு சிவப்புத் தூள் சாப்பிடுறவர்."

இரத்தத்தில் ஈயம் இருந்தது. தூளை நிறுத்தி, கிழமைக்கணக்கில் இரத்தம் சோதித்து, அது இறங்குவதற்குச் சில மாதங்கள் ஆயின. வைத்தியர் ஏசவில்லை, இளக்காரமும் செய்யவில்லை. போத்தலை ஆய்வுக்கு அனுப்பினார். 145 என்ற இலக்கத்தை எழுதித் தந்தார். சுவிஸில் எந்த நேரமும் அழைக்கக்கூடிய நச்சுத் தகவல் இலக்கம் அது. அங்கே இருப்பவர்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

எனக்கு நடந்தது அபூர்வம் அல்ல. 2004 இல் அமெரிக்காவின் பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை ஆய்வு செய்தபோது 14 இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்ததாக வெளியிட்டார்கள். ஐந்தில் ஒன்று.

2024 ஜனவரி 21

நேற்றைய குறிப்பை எழுதிவிட்டுப் படுத்தபோது நித்திரை வரவில்லை. அதை வாசிப்பவர் சித்த வைத்தியமே நஞ்சு என்று எடுத்துக்கொண்டால் நான் பெரிய தவறு செய்தவனாவேன். உலோகங்களையும் தாதுக்களையும் எரித்தெடுக்கும் மருந்துகளான செந்தூரமும் பற்பமும் செய்வதற்கு நம் நூல்களில் சுத்தி முறை, புடமிடும் முறை என்று நீண்ட ஒழுங்கு இருக்கிறது. அதைக் கற்றவர் இலேசில் கையில் எடுப்பதில்லை. எனக்கு அந்தப் போத்தலைத் தந்தவர் அதைத் தானே செய்தாரா, எங்கோ வாங்கினாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை என்பதுதான் இதில் என் பங்கு.

வன்னியில் பிறந்த எங்களுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1990களில் மருந்துகள் வன்னிக்குள் வருவதற்குக் கட்டுப்பாடு இருந்த காலத்தில், காய்ச்சலுக்கு வேப்பம்பட்டையும் நிலவேம்பும், முறிவுக்குப் பரியாரியாரின் மூங்கில் தப்பையும் எண்ணெய்ச் சீலையும்தான் கையில் இருந்தன. அன்று எங்களைக் காப்பாற்றிய கைகளை எந்த நாட்டில் இருந்தாலும் மறக்க முடியாது. ஆனால் அந்தக் கைகள் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தன, மறுநாளும் வந்து பார்த்தன.

2024 ஜனவரி 28

இன்று காலையில் எங்கள் பக்கத்துப் பரியாரியாரிடம் போனேன். வயது எண்பதைத் தாண்டியவர், பெயரை இங்கே எழுத வேண்டாம் என்றார். முன்விறாந்தையில் கயிற்றில் நொச்சிக் கொத்துகள் தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. வேலியில் முடக்கொத்தான் படர்ந்து, ஊதிய பச்சைக் காய்கள் காற்றில் ஆடின. இந்த இழையைத் தொடங்கிய சகோதரியின் கேள்வியை அவருக்கு வாசித்துக் காட்டி, எண்ணெய் காய்ச்சித் தருவீர்களா, அனுப்பலாமா என்று கேட்டேன். அவர் சொன்னதை அவருடைய பேச்சிலேயே எழுதுகிறேன்:

"தம்பி, முழங்கால் நோகுதெண்டால் எந்த நேரம் நோகுது? விடிய எழும்பேக்க விறைச்சுப்போய் கிடக்கோ, இல்லாட்டிப் பின்னேரம் வேலை முடியத்தான் நோகுதோ? இருந்து எழும்பேக்கையோ, படி இறங்கேக்கையோ? வீங்கியிருக்கோ? தொட்டால் சுடுதோ? அந்தப் பிள்ளை வேறை என்ன குளிசை போடுது? சலம் ஒழுங்காப் போகுதோ? இதொண்டும் தெரியாமல் நான் எதைப் போட்டுக் காய்ச்சிறது?"

கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். பேர்ணில் எனக்கு ஊசி வைத்தியம் செய்த மருத்துவரும் முதல் நாளில் இதே கேள்விகளைத்தான் கேட்டார். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், நாடியை இரண்டு கையிலும் பிடித்தார், முக்கால் மணி நேரம் ஊசியைத் தொடவே இல்லை. நீல மூடிப் போத்தல்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெளிநாட்டில் ஒருவரை நம்பலாமா என்று தீர்மானிக்க எனக்கு இன்று தெரிந்த வழி இதுதான். அவர் எவ்வளவு நேரம் கேட்கிறார், உங்கள் குளிசைகளின் பெயரைக் கேட்கிறாரா, உங்கள் மருத்துவரோடு பேசச் சொல்கிறாரா, இன்னொரு நாள் வரச் சொல்கிறாரா என்று பாருங்கள். 'குளிசைகளை நிறுத்து' என்று முதல் நாளிலேயே சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பரியாரியார் இன்னொன்றையும் நினைவூட்டினார். எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது என் தகப்பனாருக்குக் குளிர்காய்ச்சல் வந்து அவரிடம் கூட்டிப்போனோம். குடிநீர் எதுவும் கொடுக்காமல், மலேரியாவாக இருக்கும், ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். மலேரியாவேதான். குளோரோகுயின் குளிசையில் சுகம் வந்த பிறகுதான் உடல் தேறுவதற்கென்று கஞ்சியும் பத்தியமும் சொன்னார். (2016 இல் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததை அவருக்குச் சொன்னேன். "அது தெரியும் தம்பி, நுளம்பு போகேல்லை" என்றார்.) எங்கே தன் வைத்தியம் நிற்க வேண்டும் என்று அறிந்தவர் அவர். வெளிநாட்டில் தேடும்போதும் அப்படியான ஒருவரைத் தேட வேண்டும்.

2024 பெப்ரவரி 3

சகோதரி தனிமடலில் பதில்களை அனுப்பியிருக்கிறார். வலி பின்னேரத்தில்தான், படி இறங்கும்போது கூடுதல். வீக்கமும் சூடும் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு ஒரு குளிசையும், வலிக்கு இபுப்ரோபனும் எடுக்கிறார். நாளுக்கு மூன்று எடுத்த மாதங்களும் உண்டாம்.

இதற்கு நான் பரியாரியாரிடம் போக முன்பே சொல்லிவிடுகிறேன், உங்கள் வைத்தியரிடம் இந்த மாதமே போங்கள். இபுப்ரோபன் போன்ற வலிக்குளிசைகளை நீண்டகாலம் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம். வவுனியாவில் சிறுநீரக நோயால் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் சொந்தக்காரர் எனக்கு உண்டு, அந்த நோயின் பாரத்தை அருகிலிருந்து பார்த்தவன் நான். சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்வியுங்கள். களிம்பாகப் பூசக்கூடிய வலிமருந்துகளும் இருக்கின்றன, அதைப் பற்றியும் கேளுங்கள். எடையைக் குறைக்கச் சொன்னதையும் தொடைத் தசைக்கான பயிற்சியையும் கைவிட வேண்டாம். அவை இயற்கை வைத்தியம் இல்லையா என்ன? எனக்கு ஊசியை விடக் கூடுதலாக உதவியது பிசியோதெரப்பி செய்தவர் கற்றுத்தந்த இரண்டு பயிற்சிகள்தான். ஒன்று, கதிரையில் கையூன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக இருப்பது. மற்றது, கட்டிலில் கிடந்தபடி காலை நீட்டித் தொடையை இறுக்கி எண்ணுவது. வயல்வேலை செய்த காலத்தில் இவை எதுவும் நமக்குத் தேவைப்படவில்லை.

2024 பெப்ரவரி 4

முக்கியமான ஒன்றை ஜனவரி 20 ஆம் திகதிக் குறிப்பில் விட்டுவிட்டேன். பொதியில் அனுப்பலாமா என்பது மருந்தின் நல்லது கெட்டதோடு முடிகிற கேள்வி அல்ல. ஜேர்மனியில் வசிப்பவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து தனக்கென்று மருந்தைத் தபாலில் வரவழைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பயணப் பையில் சொந்தத் தேவைக்கான அளவு கொண்டுபோகலாம். சுங்கத்தில் பிடிபட்ட பொதி திரும்பும், அல்லது அழிக்கப்படும்.

பச்சை இலைகளும் அப்படித்தான். 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகும் பச்சைத் தாவரப் பொருள்களுக்குத் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், தூரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. என் மைத்துனி ஒரு கட்டுத் தூதுவளையையும் கறிவேப்பிலையையும் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய், விமான நிலையத்தின் குப்பைத் தொட்டியில் தன் கையாலேயே போட நேர்ந்தது. நெய் சேர்த்த லேகியத்தையும் கவனியுங்கள், பாலில் இருந்து வந்த பொருள்களைக் கொண்டுபோக முடியாது. தேனுக்கு இரண்டு கிலோ வரை இடம் உண்டு. ஒட்டுசுட்டானில் வாங்கிய காட்டுத்தேனை அந்த அளவுக்குள் நான் ஆண்டுதோறும் கொண்டுபோயிருக்கிறேன்.

2024 பெப்ரவரி 11

கைவைத்தியம் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வேர்க்கொம்பு (சுக்கு), மல்லி, மிளகு, நற்சீரகம், உள்ளி, மஞ்சள், வெந்தயம் ஆகியவை இன்று எந்த நகரத்துத் தமிழ்க்கடையிலும் கிடைக்கும். தடிமனுக்கு மல்லியும் வேர்க்கொம்பும் தட்டிப் போட்டு அவித்துக் குடிப்பதற்கும், பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சரக்குக்கறி வைத்துக் கொடுப்பதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. கறியில் போடும் அளவில் அவை உணவு. அதையே கரண்டிக்கணக்கில் தூளாக, குளிசையாக எடுக்கத் தொடங்கினால் அது மருந்து, அப்போது மற்ற மருந்துகளோடு மோதும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்பவர் மஞ்சள் குளிசை, உள்ளிக் குளிசை தொடங்கு முன் சொல்ல வேண்டும். அதிமதுரத்தைத் தொடர்ந்து குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். நீரிழிவுக் குளிசையோடு பாகற்காய்ச் சாறும் வெறும் வயிற்றில் சேர்ந்தால் சீனி மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். அங்கே மலிவாகக் கிடைக்கும் கறுவாத்தூள் பெரும்பாலும் காசியா இனம், அதில் குமாரின் என்ற பொருள் கூடுதலாக இருப்பதால் நாளும் கரண்டியளவு எடுப்பது ஈரலுக்கு நல்லதல்ல. இலங்கைக் கறுவாவில் அது மிகவும் குறைவு.

அந்த நாடுகளின் சொந்த மூலிகைகளுக்கும் இது பொருந்தும். மனச்சோர்வுக்கு ஜேர்மனியில் கடையிலேயே விற்கும் ஜொஹானிஸ்க்ரவுட் என்ற மஞ்சள்பூச் செடியின் குளிசை, கருத்தடைக் குளிசையின் பலனைக் குறைக்கும். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவரின் மருந்தையும் பலனிழக்கச் செய்யும். சுவிஸில் 'ட்ரோகரி' என்ற மூலிகை மருந்துக்கடைகளில் நிற்பவர்கள் இதற்கென்று நான்கு ஆண்டு படித்தவர்கள். நீங்கள் எடுக்கும் குளிசைகளின் பட்டியலைக் காட்டிக் கேட்டால் ஆறுதலாக விளக்குவார்கள். எனக்கு அவர்களில் பெரிய மதிப்பு உண்டு.

2024 பெப்ரவரி 12

பெருமருந்து வேரை எங்கே வாங்கலாம் என்று ஒருவர் கேட்டார். ஈசுரமூலி என்றும் சொல்வார்கள். நம் விஷகடி வைத்தியத்தில் அதற்குப் பழைய இடம் உண்டு என்பதை அறிவேன். ஆயினும் தயவுசெய்து உள்ளுக்கு எடுக்க வேண்டாம். அந்தச் செடியின் இனத்தில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கிறது, புற்றுநோயையும் உண்டாக்குகிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்கான மூலிகைக் குளிசை எடுத்த நூறு வரையான பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. சேர்க்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாக இந்த இனத்துச் செடி கலந்துபோனதுதான் காரணம். பல நாடுகளில் அதற்குத் தடை இருக்கிறது. பாம்பு கடித்தால் எங்கே இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். புடையன் கடித்தவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் விஷகடி வைத்தியர்களை இன்று முல்லைத்தீவிலேயே பார்க்கிறேன்.

2024 பெப்ரவரி 25

கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஒன்ராறியோவில் 2015 ஜூலை 1 முதல் இயற்கை வைத்தியர்கள் தமக்கென்று 'கல்லூரி' என்ற பெயரில் உள்ள ஓர் ஒழுங்குபடுத்தும் அமைப்பின் கீழ்ப் பதிவு செய்யப்படுகிறார்கள், ஆகவே பெயரைத் தேடிப் பார்க்கலாம், முறையிடவும் இடம் உண்டு. ஆனால் மாகாணக் காப்புறுதி அவர்களுக்குக் கொடுப்பதில்லை, வேலைத்தலக் காப்புறுதியைப் பாருங்கள். அங்கே கடையில் வாங்கும் மூலிகைப் பொருளில் என்.பி.என். என்ற எழுத்துகளும் எட்டு இலக்க எண்ணும் இருக்க வேண்டும். பிரித்தானியாவில் டி.எச்.ஆர். என்ற முத்திரை. அந்த முத்திரை தரத்தையும் பாதுகாப்பையும் சோதித்ததைக் காட்டும். பலன் தரும் என்பதற்கு அது முப்பது ஆண்டுப் பாவனையையே ஆதாரமாகக் கொள்கிறது, பரிசோதனையை அல்ல. அங்கே கையால் அழுத்தி மூட்டு, முதுகு வலிக்கு வைத்தியம் பார்க்கும் ஒஸ்டியோபதி, கைரோபிரக்டிக் செய்பவர்களுக்குச் சட்டப் பதிவு உண்டு. மூலிகை வைத்தியருக்கு இல்லை.

பிரான்ஸைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை. பாரிஸின் லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் நண்பர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: 2021 ஜனவரி 1 முதல் ஹோமியோபதிக்கு அங்கே காப்புறுதிப் பணம் கிடையாது.

2024 மார்ச் 9

மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விட என் மனம் இடம் தரவில்லை. நம்மவர் பலர் பின்னறை வைத்தியரிடம் போவதற்கு முதற்காரணம் வைத்தியம் அல்ல, மொழி. வலியை அது குத்துகிறதா, கடுக்கிறதா, உளைகிறதா, எரிகிறதா என்று சொல்லத் தமிழ் வேண்டும். நான் 'வலி' என்ற ஒரே ஜேர்மன் சொல்லைக் கொண்டு 25 ஆண்டுகள் சமாளித்தேன். பிள்ளைகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போக வேண்டாம். என் மகளுக்கு இன்று இருபத்தொரு வயது. தகப்பனின் இரத்தத்தில் நஞ்சு இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதைத் தமிழில் தன் வாயால் எனக்குச் சொல்ல வேண்டியிருந்த அந்தப் பின்னேரத்தை அவள் மறக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும்படி முற்பதிவின்போதே கேட்கலாம், கேளுங்கள்.

2024 மார்ச் 23

சகோதரியின் சிறுநீரகப் பரிசோதனை நல்லதாக வந்திருக்கிறது. இபுப்ரோபனைக் குறைத்து, பூசும் மருந்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அக்குபங்சருக்கு ஏப்ரலில் முதல் நாள் கிடைத்திருக்கிறது.

நேற்று அந்தச் செய்தியோடு பரியாரியாரிடம் போனேன். எண்ணெய் அனுப்புவதில்லை என்பதில் அவர் மாறவில்லை. நல்லெண்ணெயில் என்னென்ன போட்டுக் காய்ச்சுவார் என்பதை மட்டும் மூடி மறைக்காமல் சொன்னார்: நொச்சி இலை, முடக்கொத்தான், ஆமணக்கு வேர், வேர்க்கொம்பு, இன்னும் இரண்டு. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாவட்டத்தின் அரச சித்த வைத்தியசாலையில் இருக்கும் இளம் வைத்தியரிடம் போனேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைதடி வளாகத்தில் படித்தவர், என் மகளை விடச் சில வயதே கூடியவர். ஒவ்வொன்றுக்கும் எதிரே தாவரவியல் பெயரை எழுதித் தந்தார். முடக்கொத்தானுக்கு 'கார்டியோஸ்பெர்மம்' என்று எழுதியபோது எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. அந்தப் பெயரில் ஒரு களிம்பு பேர்ண் மருந்துக்கடையில் தோல் அரிப்புக்கு இருந்தது, நான் வாங்கியும் இருக்கிறேன். எங்கள் வேலிக் கொடி என்று அன்று தெரியவில்லை. நொச்சிக்கு எழுதிய பெயரைப் பார்த்துவிட்டு மட்டும் ஓர் எச்சரிக்கை சொன்னார். ஜேர்மனியில் பெண்களின் மாதவிடாய்த் தொல்லைக்கு விற்பது அதே பேரினத்துச் செடி என்றாலும் வேறு இனம், பெயரை நம்பி மாற்றிப் பாவிக்கக் கூடாது.

தாளின் கீழே, வெளியே பூசுவதற்கு மட்டும், வெடித்த தோலில் பூச வேண்டாம் என்று அவர் தன் பதிவு இலக்கத்தோடு கையொப்பமிட்டார். சகோதரி அதை முதலில் தன் வைத்தியரிடம் காட்டட்டும்.

2024 மார்ச் 24

சகோதரி ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு கிளிநொச்சிக்கு வருகிறாராம். பரியாரியாரிடம் சொன்னேன். "பிள்ளை வரட்டும், படி இறங்கிறதைப் பாப்பம், அதுக்குப் பிறகு காய்ச்சுவம்" என்றார். வரும்போது எக்ஸ்ரே படத்தையும், எடுக்கும் குளிசைகளின் பெட்டிகளையும் மறக்காமல் கொண்டுவரச் சொன்னார். கிளிநொச்சியிலிருந்து வருபவர்கள் பரந்தனில் திரும்பிப் புதுக்குடியிருப்பு வழியாக வந்தால் வெயில் ஏறுமுன் வந்துவிடலாம். காலை ஒன்பது மணிக்குப் பிறகு அவர் மூலிகை பறிக்கப் போய்விடுவார்.